நீளக் கம்பும் ஒரு கண்ணாடியும்

இன்று காலை விருதுநகர் பஜாரில், இரும்புக்கடை வாசலில் ஒரு பாதாளக்கரண்டி தொங்கிக்கொண்டிருந்தது. கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கிற அந்தக் கொக்கிக் கொத்து. பின்னால் மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றிய லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, நான் நகரவில்லை. "இந்த வேலையத்தாம்லே நாம சம்பளம் வாங்கிச் செய்யிறோம்" என்று நீ சொல்லிச் சிரித்தது காதருகே கேட்டது. "வேணுமா பாய்?" என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் கிணறு இல்லை. வாங்காமல் வந்துவிட்டேன். வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நடக்கிறேன், வந்து இரண்டு வரி எழுதுகிறேன், மறுபடியும் எழுந்து நடக்கிறேன்.

நீ விஸ்வநத்தத்தில் பட்டாசுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. நான் வத்தல் கமிஷன் கடைக்காரர் மகன். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கடலோர அணுமின் நிலையத்திலும் ஒரே பிரிவில் வந்து விழுந்தோம். உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் கட்டுகளை ஆழமான நீர்த்தொட்டிக்குள் இடம் மாற்றி வைப்பதும், அவற்றில் கீறல், வளைவு ஏதும் உண்டா என்று பார்ப்பதும் நம் வேலை. தொட்டியின் மேல் நகரும் பாலத்தில் நின்று நீ அந்த நீளக் கம்பை இறக்குவாய். அதன் நுனியில் கட்டின் தலையைக் கவ்வுகிற பிடி இருக்கும். நான் கேமராவை இறக்கி, திரையைப் பார்த்து வழி சொல்வேன். தண்ணீர் கண்ணை ஏமாற்றும். நேரான கம்பு ஒடிந்ததுபோலத் தெரியும். அதனால் கை உன்னுடையது, கண் என்னுடையது.

வந்த புதிதில் நான் குனிந்து பார்க்கவே பயந்தேன். "ஏலே பாய், இந்தத் தண்ணிதான் நமக்குச் செவரு. அது கட்டுக்கு மேல நிக்க மட்டும் கதிர்வீச்சு நம்மள ஒண்ணும் செய்யாது" என்றாய்.

அந்த மதியம் நினைவிருக்கிறதா? பிடி கவ்விவிட்டதாகத் திரையில் தெரிந்தது. விளக்கும் பச்சையாக எரிந்தது. "பிடிச்சிருச்சு, தூக்கு" என்றேன். நீ தூக்கவில்லை.

"இல்லலே. கைல என்னமோ கொளகொளன்னு இருக்கு."

"திரைல நல்லாத்தான தெரியுது?"

"நீ ஒரு பக்கந்தான பாக்க. அந்தப் பக்கமும் ஒருக்கா காட்டு."

பின்னால் நின்ற பொறியாளர் உடனே, "பாத்துருங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். கேமராவைச் சுற்றிக் கொண்டுபோனேன். பிடியின் ஒரு விரல் கவ்வாமல் விளிம்பின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. தூக்கியிருந்தால் பாதி வழியில் கட்டு சரிந்து நழுவியிருக்கும். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பிறகு நீ பிடியை விடுவித்து, மறுபடி கவ்வி, மெல்லத் தூக்கினாய்.

கேன்டீனில் உன் டீ ஆறி ஆடை கட்டியது. தப்பித்தோம் என்ற மகிழ்ச்சி உன் முகத்தில் இல்லை.

"இங்கன ஒரு கட்டத் தொட எம்புட்டுக் கம்பு, எம்புட்டுத் தண்ணி, ரெண்டு பக்கமும் பாக்கக் கேமரா. எங்கண்ணன் அங்கன மருந்த வெறுங்கையால சலிச்சிக்கிட்டு இருக்கான்லே."

பட்டாசு மருந்தைச் சல்லடையில் சலிக்கும்போது ஓர் உரசல் போதும் என்று எனக்கும் தெரியும். நம் ஊரில் தெரியாதவர் யார்? ஆனால் நீ அதை அன்று சொன்ன விதம் வேறு. கொஞ்ச நாளில் வேலையை விட்டாய். "கோட்டி பிடிச்சிருச்சாலே உனக்கு?" என்று கத்தினேன். "போய்ச் செஞ்சு பாக்கேன். சரியா வரலைன்னா ஒன் கடையில வத்தல் மூட்ட தூக்குதேன்" என்றாய்.

விஸ்வநத்தத்தில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, மருந்தைக் கையால் தொடாமல் சலிக்க ஒரு கருவி செய்தாய். கயிற்றில் தொங்கும் சல்லடை. சுவரில் ஒரு துளை. அதன் வழியே வெளியிலிருந்து ஆட்டுகிற நீளக் கம்பு. இரும்பு உரசினால் பொறி வரும் என்று மூங்கிலும் பித்தளையும் வைத்தாய். கேமரா வைக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "மருந்து இருக்க எடத்துல கரண்டு கூடாதுலே. கண்ணாடி போதும்" என்றாய். உள்ளே நடப்பதை வெளியில் நின்றே பார்க்க, உள்ளே சுவரோரம் சாய்த்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

யாருக்கும் பிடிக்கவில்லை. "சீசன் நேரத்துல வெளையாட்டா? ஆர்டர யாரு முடிக்கிறது?" என்று ஒவ்வொரு கம்பெனியிலும் திருப்பி அனுப்பினார்கள். உன் அண்ணனே, "இதுல சலிச்சா பாதி வேல கூட ஓடாதுடா" என்றார். கடைசியில் ஒரு சின்ன கம்பெனி முதலாளி ஒரே ஓர் அறையில் மாட்டிப் பார்க்கச் சம்மதித்தார். அண்ணனைக் கெஞ்சி அங்கே நிறுத்தினாய்.

அடுத்த மழைக்காலத்தில் டெங்கு வந்து நீ போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருவர் சொல்வது கேட்டது: "அணுவுல வேல பாத்த ஒடம்பு. தாங்குமா?" கொசுதான் காரணம், ஒரே ஒரு கொசு என்று அவர் சட்டையைப் பிடித்துச் சொல்லத் தோன்றியது. உன் அண்ணன் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார். அந்தப் பதில் இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது.

இந்த சீசனில், நான் விடுப்பில் எங்கள் கடையில் இருந்தபோது, அண்ணனிடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கியது அவருக்கு. "தம்பி, ரூம்பு வெடிச்சுப் போச்சு. அவன் செஞ்ச கம்பு, சல்லட எல்லாம் போச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னேன்" என்றார். அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் முதுகைத் தடவினார். அழுகிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மறுநாளே போனேன். அறை கரிந்து, கூரை பெயர்ந்து கிடந்தது. சுவர் நின்றது. அண்ணனின் புருவம் கருகியிருந்தது, அவ்வளவுதான். "சாப்பிட்டீகளா தம்பி?" என்றார், ஒன்றும் நடக்காததுபோல. முதலாளி புதிதாக ஒன்று செய்யச் சொன்னார். உன் கொட்டகையைத் திறந்து, உன் பட்டறை மேசையிலேயே செய்தேன். பக்கத்துக் கம்பெனியிலிருந்தும் வந்து பார்த்தார்கள். பார்த்தார்கள், போனார்கள், தங்களுக்கும் வேண்டும் என்று இன்னும் கேட்கவில்லை.

போன விடுப்பில் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஒண்ணு சொல்லணும் தம்பி. கண்ணாடில மருந்துத் தூசி படியுது. கொஞ்ச நேரத்துல ஒண்ணும் தெரியல. தொடைக்கணும்னா உள்ள போய்க் கைய நீட்ட வேண்டியிருக்கு."

நீ இருந்திருந்தால் அன்றைக்கே ஏதாவது செய்திருப்பாய். நான் துணி கட்டிய குச்சி வைத்துப் பார்த்தேன், உரசுகிறது. கண்ணாடியைத் தள்ளி வைத்தேன், தெரியவில்லை. பாலத்தில் நிற்கும்போதும், கடையில் அப்பாவோடு இருக்கும்போதும், தொழுதுவிட்டு எழும்போதும் அந்தக் கண்ணாடிதான் கண்முன் நிற்கிறது. உன் அண்ணன் இப்போதும் வேலைக்குப் போயிருப்பார். இந்நேரம் அது மங்கத் தொடங்கியிருக்கும்.