கோபுரம் எந்தப் பக்கம்

ஞாயிறு, ராத்திரி.

செம்பூரில் மோனோ ரயில் ஓட ஆரம்பித்த வருஷம்தான், விமானம் இறங்கும் அந்தப் பழைய சண்டைக் கப்பல் உடைக்க வந்தது. கரையில் நின்று அதன் மூக்கைக் காஸ் நெருப்பு வைத்து அறுத்தது நாங்கள் நாலு பேர்.

இன்று மகள் செல்வி வாஷியிலிருந்து அதே கப்பலைத் தகடு பொம்மையாக வாங்கி வந்தாள். தகட்டின் சின்னக் காதுகளைத் துளையில் நுழைத்து மடக்க வேண்டும். மேல்தளத்தில் நிற்கும் கோபுரத்தை இடப்பக்கம் வைத்து மடக்கிவிட்டேன்.

"எப்பா, படத்துல வலப்பக்கம்லா இருக்கு!"

"போளா. நான் அறுத்த கப்பல் எனக்குத் தெரியாதாக்கும்?"

"அறுக்கத்தான் தெரியும் உங்களுக்கு" என்று சிரித்தாள். போனில் நிஜக் கப்பலின் போட்டோவைக் காட்டினாள். வலப்பக்கம்தான். காதுகளை நிமிர்த்தினேன். ஒன்று ஒடிந்துவிட்டது.

பொம்மை போகட்டும். எனக்கு எழுத்து தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல போன்தான் எழுதுகிறது. யார் எப்போது பிறந்தார், எப்போது செத்தார் என்று வீட்டில் எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். இது தப்பென்றால் அதெல்லாம்?

கப்பலின் மூக்கு கரையைப் பார்த்து இருந்தது. எதிரே நின்றவனுக்கு அதன் வலப்பக்கம் இடமாகத்தானே தெரியும்? அதுதான் காரணமா, இல்லை மனசைத் தேற்றிக்கொள்கிறேனா? என்னோடு நின்ற முத்தையா இல்லை. காசிம் பாயும் இல்லை. கேட்பதற்கு ஒருத்தன்தான் மிச்சம். கேட்பதற்கு ஒருத்தன்தான் மிச்சம். தேவ்நாரில் இருக்கிறான், சுடலை.