கோதை ஏறாத ரயில்

ஆடி 12, புதன்

காலையிலிருந்து காற்று. கொல்லையில் உலர்த்திய என் தாவணி பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். மாமி தொரட்டியால் எடுத்துக் கொடுத்தாள். "எங்காத்து மரத்துல கொடி ஏத்திட்டியேடி வேதா! போலீஸ் வந்தா உன் பேரைத்தான் சொல்லுவேன்."

சிரித்துவிட்டேன். உடனே பயம், அம்மா பார்த்திருப்பாளோ என்று. அக்கா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை, அவள் பேரையும் சொல்வதில்லை. கோவிலில் யாராவது தன் பெண்ணைக் "கோதே" என்று கூப்பிட்டால் அம்மா அந்தத் தூணருகிலேயே நின்றுவிடுகிறாள்.

இன்று கதை ஒன்றரைப் பக்கம். மொத்தம் 41. எல்லாம் அப்பா உத்தியோகம் பார்க்கும் கச்சேரியிலிருந்து கொண்டுவரும் காகிதத்தின் பின்பக்கம். யுத்தத்தால் வேறு காகிதம் கிடைப்பதில்லை. மசி கரைக்கும் மாத்திரை பாதிதான் பாக்கி.

என் கதையின் முதல் பக்கத்தில் அக்கா மாயவரம் ரயிலில் ஏறவில்லை. ஜங்ஷனில் வண்டியைப் போகவிட்டுவிட்டுப் பெட்டியுடன் நடந்து வருகிறாள். மாமியார் வீட்டுக்குப் போகவே இல்லை. தென்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இன்று பிள்ளைகளை முக்கொம்புக்கு அழைத்துப் போனாள். பாலத்தின் மேல் நிற்கும்போது அவளுடைய குடை காற்றில் பிரிந்து தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. நான் அப்படி நினைக்கவே இல்லை. தானாக விழுந்தது! அக்கா அதைப் பார்த்து, "போயிட்டு வா" என்றாள். அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். இவ்வளவு சந்தோஷம் தப்போ என்னவோ.

ஆடி 14, வெள்ளி

பள்ளிக்கூட வண்டியில் பத்மா: "கதாசிரியை வர்றா, இடம் விடுங்கோடி." அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயை மூடு என்று கிள்ளினேன்.

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா?"

தெரிந்தால் பள்ளிக்கூடம் கிடையாது. சித்திரையில் ஒரு தாள் அகப்பட்டபோதே சொல்லிவிட்டார். கத்தவில்லை. தாளை நாலாக மடித்துக்கொண்டே, "இன்னொரு தரம் இந்த மாதிரிக் கண்ணுல பட்டா, நீ படிச்சது போறும்னு அர்த்தம். கதை எழுதற பொண்ணை யாருடி பண்ணிப்பா?" என்றார். அந்த மெதுவான குரல்தான் பயம். இன்றைக்கும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் தாளைப் பாவாடையில் சொருகிக்கொள்கிறேன்.

பத்மாவிடம் எங்கே ஒளித்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. இங்கே எழுதலாம். கணக்கு நோட்டின் பின்பக்கத்தை அப்பா பார்க்கமாட்டார்.

பரண்மேல் மஞ்சள் துணி மூட்டை. கொள்ளுத் தாத்தா காலத்து ஓலைகள், பழங்காகிதங்கள். மடியாகக் குளித்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்பதால் யாரும் தொடுவதே இல்லை. நடுவில் என் 41 பக்கம். நான் மடியில்லாமல்தான் தொடுகிறேன். பெருமாளே, மன்னிக்க வேண்டும். வேறு இடம் இல்லை.

ஆடி 16, ஞாயிறு

பரணில் கரையான்.

அப்பாதான் பார்த்தார். அம்மா ஈரப்புடவையுடன் ஏறி மூட்டையை இறக்கினாள். ஓரம் மட்டும் அரித்திருக்கிறது. பிரித்துப் பார்ப்பார்கள் என்று நினைத்துக் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டேன். பிரிக்கவில்லை. உள்ளே இருந்து பேச்சு மட்டும். முதலில் அம்மா.

"பூச்சி அரிச்சதை நம்மாத்துல வெச்சுக்கப்படாது, ன்னா."

"அதுக்காக எழுத்தைக் குப்பைல போடறதா?"

"யார் குப்பைன்னா? நாளன்னிக்குப் பதினெட்டு. காவேரிலே சேர்த்துடலாம். எங்காத்துலயும் அப்படித்தான் பண்ணினா."

"சரி. மரியாதையாப் பண்ணணும்."

மூட்டையைப் பெருமாள் உள்ளில், பூஜை அறையில் வைத்துப் பூட்டினார்கள். சாவி அப்பாவின் பூணூலில்.

ஆடி 17, திங்கள்

பள்ளிக்கூடம் போகவில்லை, தலைவலி என்று. உண்மையாகவே வலி.

அப்பா திருவாராதனம் செய்யும்போது மட்டும் அந்த அறை திறந்திருக்கும். பூ கொண்டுவருகிற சாக்கில் நுழைந்தேன். மூட்டை கோலப்பலகைமேல், புது மஞ்சள் துணி கட்டி, துளசி வைத்து. இரண்டு முழத் தூரம். "பாவாடை மாத்திக்காம உள்ள கால் வைக்கறியே! போ" என்றார் அப்பா. போய்விட்டேன்.

சொல்லிவிட்டால் என்ன? பள்ளிக்கூடம் போகும். சொல்லாவிட்டால் அக்கா போவாள். மறுபடியும்.

ஆடி 18, செவ்வாய்

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதுகிறேன்.

கன்னிப்பெண் கையால் விடுவது விசேஷம் என்று அம்மா. என்னைக் குளிக்கச் சொல்லி, ஈரத்தோடு மூட்டையை என் தலைமேல் வைத்தாள். கனமே இல்லை. அம்மா கையில் சித்ரான்னத் தூக்கு, மஞ்சள், பூ, காதோலை கருகமணி. அப்பா முன்னால்.

வாசல்படி இறங்கும்போது சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.
தெருமுனையில் சொல்லலாம்.
ராயர் கோபுரம் தாண்டினதும்.
அம்மா மண்டபத் துறையில் கூட்டம், அங்கே யாருக்கும் கேட்காது, அங்கே கண்டிப்பாக.

படியில் நல்ல கூட்டம். ஒரு பாட்டி, "தள்ளி நில்லுடி, தண்ணி இழுத்துண்டு போயிடும்" என்று யாரையோ அதட்டினாள். புதுத்தண்ணீர், செம்மண் நிறம், நுரை. அம்மா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சேவித்தார். அவர் கண் மூடியிருந்தபோதுகூட நான் சொல்லவில்லை.

விட்டேன். உடனே முழுகவில்லை. மஞ்சளாக மிதந்துகொண்டே சுழித்துப் போயிற்று. பாலத்துத் தூண்வரை தெரிந்தது.

"கண்ணுல என்னடி?" என்றாள் அம்மா.

"மஞ்சத்தண்ணி பட்டுடுத்து."

மணலில் உட்கார்ந்து எல்லோரும் தேங்காய்ச் சாதம் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன். அதுதான் தாங்கவில்லை. சாப்பிட்டேன்.

ஆடி 19, புதன்

ஒன்றுமில்லை.

ஆடி 22, சனி

மூன்று நாளாக எழுதவில்லை. படுத்தால், 17ஆம் பக்கத்தில் அக்கா கரும்பலகையில் என்ன எழுதினாள் என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். வரவில்லை. அவள் குரலும் இப்படித்தான் போயிற்று, தை மாதம் தந்தி வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. மூன்று நாள் ஜுரமாம். அவ்வளவுதான் போட்டிருந்தது.

பள்ளிக்கூட வண்டியில் பத்மாவிடம் சொன்னேன். கேலி செய்வாள் என்று பார்த்தால், என் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "மறுபடி எழுதேன்" என்றாள்.

"41 பக்கம்டி."

"கோலம் நாலு நாழிகைல அழிஞ்சு போறது. மறுநாள் போடாமலா இருக்கோம்?"

கோலமும் இதுவும் ஒன்றா? கோபம் வந்தது. வீட்டுக்கு வரும்வரை அவளோடு பேசவில்லை. இறங்கும்போது தன் டிராயிங் நோட்டிலிருந்து பத்துத் தாள் கிழித்துக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை!

ஆடி 24, திங்கள்

ஆரம்பித்தேன். உக்கிராண உள்ளில், அரிசி மூட்டைக்குப் பின்னால், சின்ன அகல்.

முதல் வாக்கியம் அதே மாதிரி வரவில்லை. ஆறு தரம் அடித்தேன். முதல் தடவை எழுதின அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள். இவள் ஜங்ஷனில் நின்று கோபமாகப் பார்க்கிறாள். யாரை? என்னைத்தான்.

அரைப் பக்கம். மோசம். ஆனால் எழுதி முடித்துப் படுத்தபோது, தந்தி வந்ததற்குப் பிறகு முதல் தடவையாக அவள் நடை ஞாபகம் வந்தது. வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பாள். பழைய 41 பக்கத்தில் அது இல்லவே இல்லை.

ஆடி 26, புதன்

நாலு பக்கம்! விரல் வலி. ஒரே மூச்சில். வாத்தியார் கணக்கில் தப்பு என்று தலையில் குட்டினார், அப்போதும் உள்ளுக்குள் அடுத்த வரிதான் ஓடிற்று. இன்றைய பக்கங்களில் அக்கா வாடகை வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குடத்துக்குச் சண்டை போடுகிறாள். நன்றாகத் திட்டுகிறாள். அவள் திட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் ஒரு இடம் வருகிறது, தாண்டிப் போகிறேன். அவள் ஏன் ரயிலில் ஏறவில்லை? காரணம் எழுத வேண்டும். போன தடவையும் எழுதவில்லை.

ஆடி 28, வெள்ளி

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா கச்சேரிக்குப் போனபின், வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல்: "அகல்ல எண்ணெய் தினம் கொறையறதே."

"எலியா இருக்கும்மா."

"எலிக்கு நடுவிரல்ல மசி ஒட்டிக்குமோ?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அம்மா அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். அப்பாவிடம் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எடுத்துண்டு வா."

கொண்டுவந்தேன். அம்மாவுக்கு அச்செழுத்துத்தான் தெரியும், கையெழுத்து வராது. "படி" என்றாள்.

முதல் வரியில் "கோதை" என்று வந்தது. நிறுத்தினேன். அம்மா தண்டிலிருந்து நார் எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். படித்தேன். குடத்துச் சண்டை வந்ததும், "அவ அப்படிக் கத்த மாட்டா. பல்லைக் கடிச்சுண்டு மெதுவாச் சொல்லுவா. உங்கப்பா மாதிரி" என்றாள். அப்புறம் ஒரு சத்தம். சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை.

"இவ்வளவுதானா?"

"முன்னாலே நிறைய இருந்தது. மூட்டையில வெச்சிருந்தேன்."

"எந்த மூட்டை?"

சொன்னேன். விரலில் சுற்றிய நாரை இறுக்கி அறுத்தாள். "நான்தானே உன் தலைல தூக்கி வெச்சேன்" என்றாள்.

தண்டை அப்புறம் நறுக்கவே இல்லை. ராத்திரி ரசம்தான். அப்பா ஏன் என்று கேட்டார். தண்டு முற்றல் என்றாள் அம்மா.

ஆடி 29, சனி

இப்போது மத்தியானம் எழுதலாம். அம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைக்கிறாள். அப்பா வந்தால் முறத்தை ஓங்கித் தட்டுவாள். இன்று ஒரு தரம் தபால்காரனுக்கே தட்டிவிட்டாள். ஓடிப்போய் எல்லாவற்றையும் அரிசிக்குள் புதைத்தேன்.

காரணம் எழுதும் இடத்துக்கு வந்துவிட்டேன். இனித் தாண்ட முடியாது. தாண்டினால் கதை நகரமாட்டேன் என்கிறது.

ஆடி 30, ஞாயிறு

அப்பா கோவிலுக்கு. இரண்டு மணி நேரம்.

நேற்று ராத்திரி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன், தொலைந்துபோனால் இருக்கட்டும்:

தீபாவளிக்கு மறுநாள் கிணற்றடியில் அக்கா ரவிக்கைக் கையைத் தூக்கிக் காட்டினாள். சூடு போட்ட தழும்பு, மூன்று. "அம்மாகிட்ட நீ சொல்றியாடி? எனக்கு வாய் வரலை. நான் திரும்பிப் போகலைன்னு சொல்லு." சரி என்று வேதா தலையாட்டினாள். அப்பா கூடத்தில் இருந்தார். அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தாள். ராத்திரி சொல்லலாம் என்று நினைத்தாள். ஜங்ஷனில் சொல்லலாம் என்று நினைத்தாள். வண்டி வந்தது.

படித்துவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை.

"ஜங்ஷன்ல நீ ஜன்னல் பக்கமே வரலை. அதான் பார்த்தேன்" என்றாள்.

"ஆமா."

வாசலில் யாரோ மோர் கேட்டார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை.

"உன்னை நம்பிண்டு அவ இருக்கலைடி. அன்னிக்கு ராத்திரி என்கிட்டயே வந்து காட்டினா. நான் தேங்காயெண்ணெய் தடவினேன். பொறுத்துக்கோ, ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்னேன். மறுநாள் நான்தான் தலை பின்னி விட்டு அனுப்பிச்சேன்."

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அம்மா என் மடியில் இருந்த தாளை வாங்கினாள். படிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"அதையும் எழுது" என்றாள்.

ஆடி 31, திங்கள்

எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. கிணற்றடிக்குப் பிறகா, ரயில் வருவதற்கு முன்னாலா. தேங்காயெண்ணெய் வரை எழுதிவிட்டேன். அக்கா அப்போது என்ன சொல்லியிருப்பாள்? அம்மாவைக் கேட்டேன். "ஒண்ணும் சொல்லலை. கையை நீட்டிண்டே இருந்தா" என்றாள். அதை எப்படி எழுதுவது?