அட்டைப்பெட்டியில் எழுதிய பெயர்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? சிம் இன்னும் கைக்கு வராததால், ஊருக்குப் புறப்படும் மேஸ்திரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே விமானநிலையத்தில் இறங்கியதும் ஒருவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "அண்ணே, கம்பெனி அனுப்பின ஆளு நான். பாஸ்போர்ட்டக் குடுங்க" என்றான். தமிழைக் கேட்டதும் எடுத்து நீட்டப் போனேன். அதற்குள் கம்பெனி டிரைவர் வந்துவிட, அவன் நழுவிவிட்டான். பாஸ்போர்ட் பத்திரம், பயப்படாதே.

தொலையக் கூடாதென்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் எழுதினாயே, அதைத்தான் படித்திருக்கிறான். என் பெயருக்குக் கீழே உன் போன் நம்பர் இருக்கிறது. பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு விபத்து, பணம் அனுப்பு என்று யாராவது போனில் பேசினால், பாப்பாவை நான் எப்படிக் கூப்பிடுவேன் என்று கேள். தெரியாவிட்டால் போனை வைத்துவிடு.

மேஸ்திரி அவசரப்படுத்துகிறார். நானே பேசினாலும் அதைக் கேள். அந்தப் பெயரைச் சொல்ல இங்கே எனக்கு ஆளில்லை.