அக்காவின் கார்டில் என் முட்டு

3 நவம்பர் 1992, செவ்வாய்

மழை. ஜன்னலோரம் வைத்த துவாய் மறுபடி நனைந்துவிட்டது. கட்டிலுக்குப் பின்னால் பூஞ்சணம். போன கிழமைதான் துடைத்தேன்.

செய்ய வேண்டியவை: கொழும்பில் இருக்கிற என் கணவருக்குக் கடிதம். பருப்பு. என் முட்டு வருத்தத்துக்கு, அதுதான் ஆஸ்துமாவுக்கு, இழுக்கிற பம்ப் முடியப் போகிறது, வியாழன் 10.20க்கு நேர்ஸிடம். அதற்கு அக்காவின் மெடிக்கல் கார்டு.

கார்டைத் தரும்போது வழக்கமான பாடம்.

"பேர் கேட்டா?"

"பவானி."

"பிறந்த திகதி?"

சொன்னேன். என்னுடையதைவிட அக்காவுடையது இப்போது வாயில் சட்டென்று வருகிறது. லண்டனில் இந்தப் பார்க்கிங் என்ற ஊருக்கு வந்து பதினான்கு மாதம். டாக்டர் பார்க்கிற சேர்ஜரியில் நான் நானில்லை, என் பெரியம்மாவின் மகள் பவானி. என் பேரில் பதிந்தால் அவர்கள் ஹோம் ஒபிசுக்கு எழுதிப் போடுவார்களாம், அகதிக் கேஸ் பாழாகுமாம். "முடிவு வரட்டும், பிறகு உன்ரை பேரிலை பதிவம். நான் இருக்கிறன்தானே."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டால் எனக்கு மனது இளகிவிடும்.

5 நவ., வியாழன்

நேர்ஸ் மொரீன் மூச்சை அளக்கிற குழாயைத் தந்து ஊதச் சொன்னார். முள் பாதிக்குக்கூடப் போகவில்லை. முதுகில் குழல் வைத்துக் கேட்டுவிட்டுப் பம்ப் எழுதித் தந்தார், ஒன்றுதான். இனிப் புது இடத்தில் வாங்கிக்கொள்ளலாமாம்.

எந்தப் புது இடம்?

"வீட்டுக்காக நான் எழுதிய கடிதத்தைக் கவுன்சில் ஏற்றுக்கொண்டதாமே. நல்ல செய்தி. ஈரமில்லாத வீட்டுக்குப் போனால் மூச்சு சரியாகிவிடும்" என்றார். போனில் நானே கேட்ட கடிதமாம்.

தலையாட்டினேன். வேறென்ன செய்வது, பவானி அல்லவா நான்.

இன்று இங்குள்ளவர்களின் வெடி நாளாம், பின்னேரம் தெருவெல்லாம் வாணவெடி. ஜன்னலைத் திறந்தால் புகை, சாத்தினால் ஈரம்.

6 நவ., வெள்ளி

கேட்டேன். அக்கா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். அத்தான் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

"ஓம், கிடைச்சிருக்கு. டகனம் எண்ட ஊரிலை, மூண்டு அறை வீடு. சொல்லத்தான் இருந்தனான்."

"நானும் வரலாமோ அக்கா?"

"கவுன்சிலுக்குக் குடுத்தது நாலு பேரின்ரை பேர். உன்னையும் கூட்டிக்கொண்டு போனா எல்லாருக்கும் கரைச்சல்."

"என்ரை முட்டு வருத்தத்தைக் காட்டித்தானே வாங்கினியள்?"

"பைலிலை ஆரின்ரை பேர் கிடக்கு? எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு. அதை யோசிச்சியோ?"

யோசித்தேன். சின்னவளும் இந்த வீட்டில் இருமுகிறாள், உண்மைதான். கோபம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானே போய் ஊதிக் கொடுத்திருப்பேன்!

14 நவ., சனி

வான் வந்தது. பெட்டி தூக்கினேன். அரிசி வாளி, சாமிப் படம், சின்னவளின் சைக்கிள். மூன்றாவது பெட்டியோடு மூச்சு முட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். "பாவம், அவவை விடுங்கோ" என்றார் அத்தான். பாவமாம்.

அக்கா கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன், வெட்கம் கெட்டவள். கார்டைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் ஏறினார்.

16 நவ., திங்கள்

வேலைக்கு லீவு. அடுத்தவள் பேரில் போய்ப் பிடிபட நான் இனித் தயாரில்லை. என் பேரில் யாராவது பதிவார்களா என்று தேடிப் போனேன். ஹோம் ஒபிஸ் பயம் போகவில்லை. மூச்சு இல்லாமல் கேஸ் வென்று என்ன செய்ய?

1. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்: இடமில்லை, புது ஆட்கள் எடுப்பதில்லை.
2. சந்தைத் தெரு: காசு வாங்கிப் பார்ப்பவர்.
3. பார்க் பக்கம்: "இதற்கு முன் எந்த டாக்டர்?" சொன்னால் பவானி விஷயம் வெளிவருமே. வெளியே வந்துவிட்டேன்.

பம்பை ஆட்டிப் பார்த்தேன். வெறும் டப்பாச் சத்தம்.

17 நவ., செவ்வாய்

அக்காவின் அறைகளுக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள். வீட்டுக்காரர் குசினியை ஒதுக்கச் சொன்னார். கரண்டி வைக்கிற லாச்சியை இழுத்தேன், அடியில் விரித்த பேப்பருக்குக் கீழே ஒரு போர்ம். சேர்ஜரியில் பதிகிற போர்ம். என் பேர், என் பிறந்த திகதி, அக்காவின் உருண்டைக் கையெழுத்து. திகதி: நான் வந்து இறங்கிய கிழமை.

அப்போது என்னைப் பதிய மனது இருந்திருக்கிறது. என் முட்டு வருத்தத்தைக் கண்ட பிறகுதான் போர்ம் லாச்சிக்குள் போயிருக்கிறது.

குந்தியிருந்து அழுதேன். அழுதாலும் இழுக்கிறது.

18 நவ., புதன்

குளிர். மொரீனிடம் போனேன். வேறு யாரிடம் போவது? உண்மைப் பேரைச் சொன்னேன், எல்லாம் சொன்னேன், உடைந்த இங்கிலிஷில். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். முகம் சிவந்திருந்தது.

"நாங்கள் யாருக்கும் எழுதிப் போடுவதில்லை. யார் சொன்னது?"

அக்கா என்றேன்.

"நீங்களும்தானே இவ்வளவு நாளும் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னீர்கள்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். குழாயை எடுத்து நீட்டினார். ஊதினேன். புது பம்ப் எழுதினார். போர்மை வாங்கி, பழைய திகதியை வெட்டி இன்றைய திகதி போட்டார்.

போர்மில் முந்திய நோய்கள் என்ற இடம் வெறுமை. பதினான்கு மாதத்து முட்டு, அக்காவின் பைலோடு டகனத்துக்குக் குடிபோய்விட்டது.

8 டிச., செவ்வாய்

கார்டு வந்தது. என் பேரில் ஒரு எழுத்துப் பிழை. பரவாயில்லை.

பின்னேரம் அக்காவின் போன். வீடு நல்ல சூடாம், வெயில் விழுமாம், ஒரு நாள் வந்து சாப்பிட்டுப் போகச் சொன்னார்.

"வாற கிழமை வாவன். இஞ்சத்தைச் சேர்ஜரியிலை நேர்ஸ் என்னை ஊதிப் பாக்கக் கூப்பிட்டிருக்கிறா. நான் ஊதினா முள் உச்சிக்கெல்லோ போகும். ஒருக்கா, கார்டோடை போய் ஊதிப்போட்டு வா. உனக்குத்தானே பழக்கம்."

"எனக்கு இப்ப முட்டில்லை அக்கா" என்றேன். "சுகமாயிட்டுது."

போனை வைத்தேன். பிறகு பம்பை எடுத்து இரண்டு தரம் இழுத்தேன்.