உப்புப் போட்ட கூழ்

அக்கா,

உன் மகன் இன்று காலை அந்தப் பித்தளைத் தவலையைக் கொண்டுவந்து என் சமையல்கட்டில் வைத்துவிட்டுப் போனான். "அம்மா படுக்கையில இருக்கும்போதே சொல்லிட்டாங்க சித்தி, இது உங்களுக்குத்தானாம்" என்றான். புளி போட்டுப் பளிச்சென்று தேய்த்திருந்தார்கள். ஆனாலும் மூடியைத் திறந்ததும் எனக்குப் புளித்த கூழ் வாசம்தான் வந்தது.

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் சொன்னேன். நான் இளைய மருமகள், நீ மூத்தவள், மரியாதை குறையக் கூடாது. நேற்று உன் காரியமும் முடிந்துவிட்டது. இனி 'நீ'தான். வந்தவர்கள் எல்லாம் "அவங்க மாதிரி வருமா" என்று உருகினார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எமர்ஜென்சி முடிந்த வருஷத்து ஆடி மாதம். என் மகளுக்கு நாலு வயது. சித்திரையில் அம்மை போட்டு, பதினோரு நாள் வேப்பிலைப் படுக்கையில் கிடந்து பிழைத்தாள். நம் பூர்வீக ஊர் மாரியம்மனுக்கு என் கையால் கூழ் காய்ச்சி ஊற்றுவதாக வேண்டியிருந்தேன். வருஷா வருஷம் வீட்டுக் கூழைக் காய்ச்சுவது நீ. அந்த முறை மாமியார் தவலையை எடுத்து என்னிடம் கொடுத்தார். உன் முகம் போன போக்கை அப்போதே கவனித்திருக்க வேண்டும். குழந்தை பிழைத்த சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

வேலூரில் தெருவில் ஊற்றும் கூழை வாங்கிக் குடித்து வளர்ந்தவள் நான். காய்ச்சியதில்லை. முதல் நாள் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தேன். விடிந்ததும் நொய்யை வேகவைத்து, மாவை ஊற்றிக் கிளறி, உப்புப் போட்டேன். புளித்ததோ இல்லையோ என்று பயம். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நீ அடுப்புக்குப் பக்கத்தில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாய்.

"சரியா இருக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"ம். துணி போட்டு வாயைக் கட்டு. பஸ் வந்துடும்" என்றாய்.

செங்கம் பஸ்ஸில் ஊருக்குப் போகும் வழியெல்லாம் தவலை என் மடியில் சுட்டது. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாய்.

கோயிலடியில் ஒரே கூட்டம். ராட்டினம், வளையல் கடை, பானகப் பந்தல், ஒரு மூலையில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை. பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. வேப்பிலை சுற்றிய பெரிய அண்டாக்களில் ஒவ்வொரு வீட்டுக் கூழாக ஊற்றினார்கள். எல்லார் வீட்டுக் கூழும் ஒன்றாகக் கலந்த பிறகு பூசாரிதான் உப்புப் போடுவார். அம்மனுக்குப் படைத்த பிறகுதான் யார் நாக்கிலும் படலாம். அந்த ஊர் வழக்கம் அது. பொங்கலைப் படைக்குமுன் ருசி பார்க்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். கூழுக்கும் அதேதான் என்று தோன்றவில்லை. தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை.

நம் முறை வந்தது. தவலையைத் தூக்கினேன். நீ என் முழங்கையைப் பிடித்தாய்.

"பூசாரி, எங்க வீட்டுது வேணாங்க. காய்ச்சனவ உப்பு போட்டு நாக்குல வச்சுப் பாத்துட்டா. எச்சில்."

பம்பைக்காரர்கூட நிறுத்திவிட்டார். பூசாரி பாவம், "தெரியாம செஞ்சிருக்கும்மா, விடுங்க" என்றார். நீ விடவில்லை. "ஆத்தா குத்தம் குழந்தை தலையில வந்தா நான் பொறுப்பு இல்ல" என்றாய். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கூழை மாட்டுத் தொட்டியில் கொட்டினார்கள். மொட்டைத் தலையோடு நின்ற என் மகள், "நம்ம கூழு மட்டும் ஏம்மா மாட்டுக்கு?" என்று கேட்டாள்.

அப்புறம் நீயே ஒரு சொம்பில் ஊர்க்கூழ் கொண்டுவந்து, "குடி, பட்டினியா கெடக்காத" என்றாய். குடித்தேன். நன்றாக இருந்தது. இன்றுவரை அதற்கு என்னை நான் மன்னிக்கவில்லை.

அடுத்த ஆடியில் அந்த வேண்டுதல் கூழை நீ காய்ச்சி, நீயே ஊற்றினாய். மாமியார் தவலையைத் திரும்ப என்னிடம் கொடுக்கவே இல்லை. என் குழந்தைக்காக நீ செய்ததாக ஊரெல்லாம் பெருமையாகப் பேசிற்று. அன்றிலிருந்து பத்து வருஷமாக நான் எதையும் ருசி பார்த்துச் சமைப்பதில்லை. சாம்பாரில் ஒருநாள் உப்பு ஜாஸ்தி, ஒருநாள் கம்மி. என் மகள் கேலி செய்வாள். காரணம் சொன்னதில்லை.

நேற்று உன் படையலுக்கு உன் புது மருமகளும் நானும்தான் சமைத்தோம். கருணைக்கிழங்குக் குழம்பு, உனக்குப் பிடித்தது. அவள் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். கையைப் பிடித்தேன்.

"படையலுக்கு ருசி பாக்கக் கூடாதும்மா."

"ஐயோ, தெரியாதுங்க அத்தை. நல்லவேளை சொன்னீங்க" என்றாள்.

இவ்வளவுதான் அக்கா. சொல்ல ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை.

அவள் இலை அறுக்கத் தோட்டத்துக்குப் போனாள். நான் கதவைப் பார்த்தேன், யாரும் இல்லை. கரண்டியில் குழம்பை எடுத்து, நிதானமாக, நாக்கு நிறைய வைத்துப் பார்த்தேன். அரைக் கல் உப்பு குறைந்தது. போட்டுக் கலக்கி, மறுபடி ஒருமுறை பார்த்தேன். பிறகு உன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய்ப் பரிமாறினேன்.

எச்சில்தான். சாப்பிடு.