பின்னால் போட்டிருக்க வேண்டிய டயர்

என் பிரியமுள்ள மாப்ள செந்திலுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. செல்வி இன்னும் உன் படத்தை மாட்டவில்லை. என் தங்கைக்கு உன்மேல் அவ்வளவு கோபம்.

“எம்புட்டு சொன்னேன்ணே, கேட்டாவளா? விளையாட்டுலயே போய்ச் சேந்துட்டாவ” என்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லோரும் அதையேதான் பேசுகிறார்கள். உன் மகளும் நம்பிவிட்டாள்.

விளையாட்டு என்று அவர்கள் சொல்வது ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டி கியர் மாற்ற இருந்த இரண்டு பேடில்களை. அந்தப் பழைய காரை வாங்கியதும் ராஜபாளையத்தில் என் டயர் கடைக்குத்தானே முதலில் கொண்டுவந்தாய். “வலது தட்டுனா கியர் ஏறும், இடது தட்டுனா இறங்கும். கிளச்சு வேலையக் கம்ப்யூட்டரே பாத்துக்கிடும் மச்சான். நான் தப்பாத் தட்டுனாக்கூட, இஞ்சினுக்கு ஆகாதுன்னா மாத்தாது” என்றாய்.

அதற்கு இஞ்சின் தெரியும். டயர் தேய்ந்தது தெரியாது. அது எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

நாலு டயரும் தேய்ந்திருந்தன. “ரெண்டு போதும் மாப்ள, பின்னாடி இருக்கது இன்னும் ஓடும்” என்று சொன்னவன் நான். வண்டியை இழுப்பது முன் சக்கரம், அதனால் புதுசு முன்னால். எங்கள் பக்கத்துக் கடைகளில் அதுதான் வழக்கம். யோசிக்காமல் மாட்டினேன்.

மறுவாரம் மழை. மம்சாபுரம் ரோட்டு வளைவில் உன் பின்னால் வந்த லாரிக்காரர் சொன்னார்: “மெதுவாத்தான் போனாரு. திடீர்னு பின்பக்கம் சுத்திருச்சு.” ஊரில் யார் காதிலும் அது ஏறவில்லை.

போன மாதம் கடைக்காரர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. இரண்டு மட்டும் புதுசு என்றால் பின்னால்தான் போட வேண்டுமாம். டயரின் பள்ளம்தான் தண்ணீரை வெளியே தள்ளும். பள்ளம் இல்லையென்றால் ரப்பர் ரோட்டைத் தொடாது, தண்ணீர்மேல் மிதக்கும். வளைவில் நீ வேகம் குறைக்க இடது பேடிலைத் தட்டியிருப்பாய். முன் சக்கரம் பிடித்தது. பின் சக்கரம் விட்டுவிட்டது. நீ செய்தது ஒன்றும் தப்பில்லை மாப்ள.

நான் வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று ஞாயிறு செல்வி வீட்டுக்குப் போனேன், சொல்லிவிட வேண்டும் என்று. மூன்றாவது முறை அவள் மீன்குழம்பு ஊற்றிக்கொண்டே, “நீ இல்லன்னா நாங்க என்னண்ணே ஆயிருப்போம்?” என்றாள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். என்ன மனுசன் நான்?

என் வாய்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. அதனால்தான் இதை ஊர் படிக்கிற பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறேன். செல்வியும் வாங்குகிற பத்திரிகைதான். அச்சாகி வருவதற்குள் நானே போய், உன் மகளையும் கூட உட்காரவைத்து, அவள் அப்பா விளையாடவில்லை என்று சொல்லிவிடுவேன். அப்போதும் சொல்லாமல் திரும்பினேன் என்றால், இது அவர்களிடம் சொல்லிவிடும்.

அதற்குப் பிறகு செல்வி என்னை அண்ணன் என்று கூப்பிடுவாளா, தெரியாது. நீயாவது மச்சான் என்று கூப்பிடு.

உன் மச்சான்