எரிந்த மலைக்கு மூன்று குறிப்புகள்

ஏப்ரல் 24
நிலத்துக்கான அரசு மானியத்தை நிறுத்தியதற்கு எதிரான மேல்முறையீட்டில் எழுத வேண்டியவை:
1. எங்கள் மலைச்சரிவுக்குத் தீ வைத்தது நாங்கள் அல்ல, அடுத்த மலைக்காரன் ஃபெஸ்டஸ்.
2. தீப்பிடித்த சனிக்கிழமை தம்பி மலாக்கி ஆட்டுச் சந்தையில் இருந்தான்.
3. மழை பெய்தால் புல் முளைத்துவிடும்.

மூன்றாவது உதவாது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். புதரை எரிக்கத் தடை. எரிந்த நிலத்துக்கு இந்த வருடம் மானியம் இல்லை, யார் வைத்திருந்தாலும். நாங்களே வைத்தது என்று முடிவானால், கவனக்குறைவாக என்றாலும், கீழ் வயல்களின் மானியமும் போகும். அது போனால் ஆடுகளை விற்க வேண்டியதுதான். எனக்காவது ஆசிரியர் ஓய்வூதியம் உண்டு. ஆடுகள் இல்லாமல் மலாக்கி என்ன செய்வான்? வயது அறுபத்தெட்டு.

ஏப்ரல் 27
பூசை முடிந்து தேவாலய வாசலில் மலாக்கி ஃபெஸ்டஸை மறித்தான். “என்னடா, தீப்பெட்டி கொண்டாந்திருக்கியா?”
“உன் ஆட்டை நான் எதுக்குடா சுடப்போறேன்? அதுல கறியே கிடையாது!”
யாரும் சிரிக்கவில்லை. போன குளிர்காலத்தில் எங்களுக்குத் தீவனம் தீர்ந்தபோது கேட்காமலே கொண்டுவந்து இறக்கியவன் அவன். நான் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 29
மானிய அலுவலகத்திலிருந்து வந்த பெண் ஆய்வாளர், வானிலிருந்து எடுத்த படத்தைக் காட்டினார். கருகிய பகுதி மேலே விரிந்து, கீழே கூம்பி, எங்கள் கொல்லைச் சுவரில் வந்து முடிகிறது.
“தீ இங்கிருந்துதான் ஏறியிருக்கு, சார். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”
“ஒன்னுமில்ல.”
ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னேன்?

மே 1
பதினோரு வருடமாக, தினமும் காலை எட்டுக்கு, அடுப்புச் சாம்பலை அந்தச் சுவருக்கு அப்பால் கொட்டுவது நான். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து எரிக்கும் கரிமண் கட்டியின் சாம்பலுக்குள் கங்கு ஒரு நாள் முழுக்கக் கிடக்கும். பிள்ளைகளுக்குப் பாடமே நடத்தியிருக்கிறேன். தீப்பிடித்த அன்று கிழக்குக் காற்று. மூன்று வாரமாக மழையில்லை. தண்ணீர் தெளித்தேனா? — வாளியைக் கவிழ்த்தேன், செய்தி கேட்க உள்ளே ஓடினேன் — தெளிக்கலையே. கடவுளே, தெளிக்கல.

மே 2
சொல்லவில்லை.

மே 3
சொல்லவில்லை. மலாக்கி மேல்முறையீட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். “நீ எழுதினா சரியாத்தான் இருக்கும், அண்ணே.”

மே 6
அதைக் கிழித்துவிட்டு, நடந்ததை எழுதி அனுப்பினேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மலாக்கியிடம் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தான். “அப்ப, ஃபெஸ்டஸை நான் ஊர் முன்னாடி...” முடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

ஜூன் 12
கீழ் வயல்களுக்கும் மானியம் இல்லை. லாரி வந்தது. ஆடுகளை ஏற்றக் கூட நின்றவன் ஃபெஸ்டஸ். “மாஸ்டர், ஊர்ப் புள்ளைங்க தப்பையெல்லாம் சிவப்பு மையில சுழிச்சீங்களே,” என்றான். லாரிக் கதவை இழுத்துத் தாழிட்டான்.

ஜூன் 13
காலை எட்டு. சாம்பல் வாளியைக் காணோம். சன்னல் வழியே பார்த்தேன்: மலாக்கி சாம்பலில் தண்ணீர் ஊற்றினான், குச்சியால் கிளறினான், மறுபடி ஊற்றினான்.

மலையில் பச்சை வந்துவிட்டது. மூன்றாவது குறிப்பு சரிதான். மேயத்தான் ஆடில்லை.

முதல் குறிப்பு தவறு. தீ வைத்தது நான்.